கருஹட்டி முதல் கருவூட்டல் வரை: பெங்களூர் வட்டாரத்தில் கன்றீனும் பருவமும் அதன் சொற்களும்

1. முன்னுரை

கால்நடை வளர்ப்பைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் இனம், பாலளவு, அரசின் திட்டம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படுகின்றன. பசு கன்றீனும் நிகழ்ச்சியையே மையமாக வைத்து எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஆயினும் ஒரு சிறு பண்ணையின் ஓராண்டு வரவும் செலவும், ஆக்கமும் இழப்பும் அந்த ஒரு நிகழ்ச்சியையே சார்ந்துள்ளன. பசு ஈன்றால்தான் பால். ஈற்றில் பிழை நேர்ந்தால் பசு, கன்று, பால் என மூன்றும் ஒருசேர இழக்கப்படலாம்.

பெங்களூரும் அதன் சுற்றுப்புறமும் இந்நிகழ்ச்சியின் வரலாற்றை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும். மைசூர் அரசர்களின் மாட்டுப் பண்ணைகளும், இந்தியாவின் முதன்மையான பால்பண்ணை ஆய்வு நிறுவனமும், கூட்டுறவுப் பால் உற்பத்தியும் இவ்வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வேரூன்றியுள்ளன. கன்னடமும் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் பகுதியாதலின், ஒரே தொழுவத்தில் இரண்டு மூன்று மொழிகளின் சொற்கள் கலந்து ஒலிப்பதும் இங்கு இயல்பு. இக்கட்டுரை கன்றீனும் பருவத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அவ்வரலாறு சொற்களில் பதிந்துள்ள முறையையும், மொழிபெயர்ப்பாளர் அச்சொற்களைக் கையாளும்போது எதிர்ப்படும் இடர்களையும் எடுத்துரைக்க முற்படுகிறது.

2. கருஹட்டி, பெண்ணெ சாவடி, அமிர்த மகால்

விசயநகரப் பேரரசின் சார்பாளர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்ட காலத்தில் அவர் பொறுப்பில் இருந்த மாட்டுப் பண்ணை ‘கருஹட்டி’ என்று வழங்கப்பட்டது. கன்னடத்தில் ‘கரு’ என்பது கன்று. ‘ஹட்டி’ என்பது தொழுவம் அல்லது ஆயர் குடியிருப்பு. தமிழ்ப் ‘பட்டி’யே கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து ‘ஹட்டி’யாக நிற்கிறது, பால் ‘ஹாலு’ ஆனதும் இம்முறையிலேயே. எனவே கருஹட்டி என்பதைக் ‘கன்றுப்பட்டி’ எனத் தமிழில் பெயர்க்கலாம். நூற்றுக்கணக்கான மாடுகளைக் கொண்ட ஓர் அரசுப் பண்ணை பாலின் பெயராலோ எருதின் பெயராலோ அன்றிக் கன்றின் பெயரால் வழங்கப்பட்டமை கருதத்தக்கது. பண்ணையின் பயன் கன்றில் இருந்தது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

சிக்கதேவராய உடையார் காலத்தில் (1672–1704) இப்பண்ணை ‘பெண்ணெ சாவடி’ எனப் பெயர் பெற்றது. பெண்ணெ என்பது வெண்ணெய். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்கும் துறை என்ற நிலையில் இப்பெயர் அமைந்தது. திப்பு சுல்தான் அதனை ‘அமிர்த மகால்’ என மாற்றினார். பெயர் பாலைச் சுட்டினாலும் அம்மாடுகளின் உண்மையான பயன் வேறு. ஹைதர் அலியின் படையிலும் திப்புவின் படையிலும் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் இழுத்தவை ஹள்ளிகார் வழிவந்த இவ்வெருதுகளே. அமிர்த மகால் பசு கறக்கும் பால் மிகக் குறைவு; அதிலும் பெரும்பகுதி கன்றுக்கே விடப்பட்டது. நன்கு பாலுண்டு வளர்ந்த காளைக்கன்றுதான் பின்னர் வலிய எருதாகும் என்பதே காரணம்.

1799இல் திப்பு வீழ்ந்தபின் மாடுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1860இல் செலவைக் குறைக்க வேண்டும் என்ற காரணத்தால் பண்ணை கலைக்கப்பட்டு மாடுகள் விற்கப்பட்டன. படைக்கு எருதுகள் கிடைப்பது அரிதானவுடன் 1866இல் மீண்டும் தொடங்கப்பட்டது. 1882இல் மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு மந்தையைச் சில மாதங்களில் விற்றுவிடலாம். மீண்டும் உருவாக்கப் பல ஈற்றுக்காலம் வேண்டும் என்பதை ஆட்சியாளர் அந்த ஆறு ஆண்டுகளில் உணர்ந்தனர்.

3. மழையும் ஈற்றும்

அமிர்த மகால் மாடுகள் ‘காவல்’ எனப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்தன. கோடைக் காவல், மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல் என அவை பருவத்திற்கேற்ப வகுக்கப்பட்டிருந்தன. மந்தை ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நில்லாமல் புல்லைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தது. புல்லே பசுவின் சினையையும் முடிவு செய்தது. உடல் தேறாத பசு பருவத்திற்கு வருவதில்லை. மழைக்குப் பின் பசும்புல் தழைக்கும்போது உடல் தேறிப் பருவத்திற்கு வரும் பசு ஏறத்தாழ 280 நாள்கள் சினையைச் சுமக்கிறது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சினைப்பட்ட பசு அடுத்த ஆண்டு மே முதல் ஜூலை வரை ஈனும். அப்போது அடுத்த மழை தொடங்கியிருக்கும். பாலூட்டும் தாய்க்குப் புல் கிடைக்கும். மழையை நம்பிய மேய்ச்சலில் ஈற்று ஆண்டின் சில மாதங்களில் செறிந்து நிகழ்வதற்கு இக்கணக்கே அடிப்படை.

இரண்டு மூன்று பசுக்கள் வைத்திருந்த சிறு குடியானவர் வீட்டிலும் இந்நிலையே நிலவியது. உழவும் ஈற்றும் ஒரே மழையை எதிர்பார்த்தன. குளிர்காலத்தில் தொட்டபள்ளாப்பூர் வட்டத்துக் காட்டி சுப்பிரமணியர் கோயிலையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் ஹள்ளிகார் இளங்காளைகள் இணையிணையாக விலை பேசப்படுவது வழக்கம். ஆண்கன்று பிறந்த வீட்டில் அது சில ஆண்டுகளில் ஏர் மாடாகவோ கைப்பணமாகவோ மாறும் என்ற நம்பிக்கை இருந்தது.

தமிழின் பழைய இலக்கணம் இவ்வாழ்வின் சொற்களை நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளது. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகைப்படுத்துகிறது. ஆண்பாற் பெயர்களுள் ‘சே’ ஒன்று. ஆண்கன்றைக் குறிக்கும் ‘சேங்கன்று’ என்ற சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. ‘நாகு’ என்ற பெண்பாற் பெயர் எருமைக்கும் மரைக்கும் பசுவினத்திற்கும் உரியதாகக் கூறப்படுகிறது. உரியியலில் ‘புனிறு’ என்ற சொல்லுக்கு ஈன்ற அணிமை என்று பொருள் தரப்பட்டுள்ளது. அண்மையில் ஈன்ற பசு ‘புனிற்றா’. ஈன்ற நிகழ்ச்சிக்கும் முழுக் கறவைக்கும் இடைப்பட்ட சில நாள்களுக்குத் தனிச்சொல் இருந்தது என்றால், அந்நாள்கள் தனிக் கவனத்திற்குரியவையாகக் கருதப்பட்டன என்பது பொருள்.

4. 1923: தொழுவத்திற்குப் பதிவேடு வந்தது

1923இல் பெங்களூரில் பேரரசின் கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை நிறுவனம் தொடங்கப்பட்டது. பேரரசின் பால்பண்ணை வல்லுநராக இருந்த வில்லியம் சுமித் அதற்குப் பொறுப்பேற்றிருந்தார். பால்பண்ணைப் பட்டயப் படிப்பும் இங்குத் தொடங்கியது. 1927இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் மதன் மோகன் மாளவியாவுடன் இங்கு வந்து கால்நடை பேணும் முறைகளைக் கற்றார். பார்வையாளர் ஏட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்று குறித்தார். பின்னாளில் கூட்டுறவுப் பால்துறையை வழிநடத்திய வர்கீஸ் குரியனும் இளமையில் இங்குப் பயிற்சி பெற்றவர். 1936இல் நிறுவனத்தின் பெயர் மாற்றப்பட்டது. 1955இல் தலைமையகம் கர்னாலுக்குப் பெயர்ந்து தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. பெங்களூர் வளாகம் அதன் தென்மண்டல நிலையமாகத் தொடர்ந்தது.

இத்தகைய பண்ணைகள் கன்றீனும் நிகழ்ச்சியில் செய்த பெரிய மாற்றம் அதனைப் பதிவேட்டின் ஒரு வரியாக்கியதே. ஈன்ற நாள், காளையின் எண், கன்றின் பால், பிறப்பு எடை, கறவை நாள்கள், வற்றிய நாள்கள் என ஒவ்வொன்றும் எண்ணாயிற்று. இக்கணக்கின் இலக்கு எளியது: 305 நாள் கறவை, 60 நாள் ஓய்வு, இரண்டும் சேர்ந்து 365. ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமெனில், 280 நாள் சினையைக் கழித்து, ஈன்ற 85 நாள்களுக்குள் பசு மீண்டும் சினைப்பட வேண்டும். மழையால் அளக்கப்பட்ட ஈற்று இவ்வாறு நாள்காட்டியால் அளக்கப்படலாயிற்று.

5. பருவம் கலைதல்

1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்னும் அறிஞர் ஹள்ளிகார் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் காளையின் விந்தைக் கொண்டு செயற்கைமுறைக் கருவூட்டல் செய்தார். இந்தியாவில் இம்முறையின் தொடக்கமாக இதுவே குறிக்கப்படுகிறது. பின்னர்ப் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் டென்மார்க்கு நாட்டின் உதவியுடன் உறைவிந்து உற்பத்தியும் பயிற்சியும் வேரூன்றின. 1965இல் பெங்களூர்ப் பால்பண்ணை செயற்படத் தொடங்கியது. 1970களில் கருநாடகப் பால்வள வளர்ச்சித் திட்டம் கூட்டுறவுச் சங்கங்களைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது.

நகரம் நாள்தோறும் பால் கேட்டது. சங்கத்திற்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பால் வரவேண்டும். கலப்பினப் பசு, பாசனத் தீவனம், அடர்தீவனம், ஊசி ஆகியவை ஒன்றுகூடியதால் பசு எந்த மாதத்திலும் சினைப்படவும் ஈனவும் வழி பிறந்தது. ‘கன்றீனும் பருவம்’ என்ற தொடரின் பொருள் அளவிலேயே மாற்றம் நேர்ந்தது. முன்னர் அது ஆண்டின் ஒரு பகுதி. இப்போது அது தனிப்பட்ட ஒரு பசுவின் வாழ்வில் வரும் சில வாரங்கள். இம்மாற்றத்தின் பயனை மறுத்தல் இயலாது. மாதந்தோறும் பால்பணம் பெறும் சிறு குடும்பத்திற்கு அது நிலையான வருவாய்.

இதனுடன் கன்றின் மதிப்பும் தலைகீழாக மாறியது. எருதின் இடத்தை உழுபொறி எடுத்துக்கொண்டபின், கிடேரிக்கன்று பிறந்தால் மகிழ்ச்சியும் காளைக்கன்று பிறந்தால் கவலையும் என்ற நிலை தோன்றியது. பெண்கன்றே பிறக்கும் வாய்ப்பை மிகுதிப்படுத்தும் வகையில் பாலினம் பிரித்த விந்து இன்று பயன்படுத்தப்படுவது இதன் தொடர்ச்சியே. கருஹட்டி என்று பெயரிட்ட காலத்தில் எந்தக் கன்றுக்காகப் பண்ணை நடத்தப்பட்டதோ, அந்தக் கன்றே இன்று வேண்டாத கன்றாகிவிட்டது.

6. ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகும் சொற்கள்

வரலாற்றின் இம்மாற்றங்களுக்கிடையே அடிப்படைச் சொற்கள் வியக்கத்தக்க அளவில் நிலைத்துள்ளன. தமிழில் ‘ஈன்’, கன்னடத்தில் ‘ஈன்’, ‘ஈயு’, தெலுங்கில் ‘ஈனு’ ஆகியன ஒரே வேரின. ஈனாத இளம்பசு தமிழில் கடாரி, கிடாரி அல்லது கிடேரி, கன்னடத்தில் ‘கடசு’. இத்தகைய உறவுகளே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றவும் செய்கின்றன. நான்கு சான்றுகளை இங்குக் காணலாம்.

முதலாவது, ‘கரு’. தமிழில் கரு வயிற்றில் வளர்வது. கன்னடத்தில் கரு பிறந்த கன்று. கன்னடச் சொல்லின் பழைய வடிவம் வல்லின றகரத்துடன் கூடிய ‘கறு’. தமிழ் ‘ன்ற்’ கன்னடத்தில் இருவகையாக நிற்பதுண்டு: ஒன்று – ஒந்து, மூன்று – மூறு. ‘கன்று’ என்பதற்கும் கன்னடத்தில் ‘கந்து’, ‘கறு’ என்ற இரு வடிவங்கள் காணப்படுவது இதனோடு ஒத்துச் செல்கிறது. பிற்காலத்தில் றகரம் ரகரத்துடன் ஒன்றியதால் ‘கறு’ ‘கரு’ ஆயிற்று; தமிழ்க் கருவுடன் தற்செயலாக ஒலியொப்புமை பெற்றது. ‘செயற்கைமுறைக் கருவூட்டல்’ என்ற தமிழ்த் தொடரைக் கன்னடம் பேசுவோர் கன்றுக்குத் தீனி ஊட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. பேச்சுத் தமிழின் ‘சினை ஊசி’யில் இம்மயக்கம் இல்லை.

இரண்டாவது, ‘சூலு’. கன்னடத்தில் ‘மூறனெய சூலு’ என்றால் மூன்றாம் ஈற்று. தமிழில் சூல் என்பது கருப்பம். மூன்றாம் சூல் என்று தமிழில் எழுதினால், இருமுறை ஈன்று மூன்றாம் முறை சினையாக இருக்கும் பசு என்று பொருள்படும். ஓர் ஈற்று வேறுபாடு மாட்டின் வயது, விலை, எதிர்பார்க்கும் பால் ஆகிய அனைத்தையும் மாற்றும். இங்கு ‘ஈற்று’ என்பதே சரியான தமிழ்ச்சொல்.

மூன்றாவது, ‘மாசு’. தமிழில் அழுக்கு அல்லது குற்றம். கன்னடத்தில் அழுக்குடன், ஈன்றபின் வெளிவரும் நஞ்சையும் குறிக்கும். ‘மாசு விழவில்லை’ என்ற கன்னடக் குறிப்பைத் தமிழாக்குபவர் ‘அழுக்கு நீங்கவில்லை’ என்று எழுதினால், உடனடியாகக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை, குளிப்பாட்ட வேண்டிய நிலையாகத் திரிந்துவிடும்.

நான்காவது சான்று மிகவும் முதன்மையானது. கன்னடத்தில் ‘கரு ஹாகு’ என்றால் கன்று ஈனுதல். பேச்சுத் தமிழின் ‘கன்று போடுதல்’ இதற்கு நேரானது. ஆனால் ‘கந்து ஹாகு’ என்றால் காலம் நிரம்பாமல் கரு சிதைந்து விழுதல். ‘கந்து’ தமிழ்க் ‘கன்று’க்கு இனமான சொல் என்று அறிந்த மொழியறிஞரே இங்குத் தவறுவதற்கு வாய்ப்பு மிகுதி. சொற்பிறப்பைப் பின்பற்றிக் ‘கன்று போட்டது’ என்று எழுதினால், கருச்சிதைவு நலமான ஈற்றாக மாறிவிடும். தமிழில் இதற்குரிய வழக்கு ‘கன்று வீசுதல்’. போடுதலுக்கும் வீசுதலுக்கும் இடையே தமிழ் காட்டும் வேறுபாட்டைக் கன்னடம் ‘கரு’வுக்கும் ‘கந்து’வுக்கும் இடையே காட்டுகிறது. ஒரு மொழி வினையால் உணர்த்துவதை மற்றது பெயரால் உணர்த்துகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சினையின் பிற்பகுதியில் கன்று வீசுவதற்குப் புரூசெல்லா என்னும் நுண்ணுயிர் ஒரு முக்கியக் காரணம். வீசிய கருவிலும் நஞ்சிலும் நீரிலும் அது செறிந்திருக்கும்; வெறுங்கையால் தொடுவோருக்கும் காய்ச்சாத பாலை அருந்துவோருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் தோற்றுவிக்கும். நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடேரிக்கன்றுகளுக்குத் தடுப்பூசி இடுவதே இதனைத் தடுக்கும் வழி. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரியுடன் இந்நோயையும் இலக்காகக் கொண்டது. நோயின் பெயர் மொழிபெயர்ப்பில் பிழைபட்டால் எச்சரிக்கை உரியவரைச் சென்றடையாது.

7. தமிழுக்குள்ளேயே எழும் மயக்கம்

பிறமொழியின் தொடர்பின்றித் தமிழுக்குள்ளும் இடர் உண்டு. ‘நஞ்சுக்கொடி’ என்ற சொல் எழுத்துத் தமிழில் சில இடங்களில் கன்றின் தொப்புள்கொடியையும், சில இடங்களில் பின்னர் வெளிவரும் நஞ்சையும் குறிக்கிறது. கையேடுகள் தரும் அறிவுரையோ இரண்டிற்கும் நேர்மாறானது. தொப்புள்கொடியைத் தொப்புளிலிருந்து சில விரற்கடை விட்டு நூலால் கட்டி, வெட்டி, அயோடின் தடவ வேண்டும். நஞ்சை ஈன்றவுடன் கையால் பிடித்து இழுத்தல் கூடாது; அது தானே விழும்வரை காத்திருந்து, பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலும் விழாவிடில் மருத்துவரை நாட வேண்டும். ஒரே பக்கத்தில் ‘நஞ்சுக்கொடியை வெட்டுக’, ‘நஞ்சுக்கொடியைத் தொடாதீர்’ என்ற இரு தொடர்களும் வருமாயின் படிப்பவர் என் செய்வார்? ஊர் வழக்கில் இம்மயக்கம் இல்லை. கன்றில் இருப்பது ‘தொப்புள்கொடி’. பசு போடுவது ‘நஞ்சு’ அல்லது ‘இளங்கொடி’. இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தால் சொல்லும் பொருளும் ஐயமின்றி நினைவில் நின்றன.

சீம்பாலைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். தமிழில் ‘சீம்பால்’, கன்னடத்தில் ‘கிண்ணு’, தெலுங்கில் ‘ஜுன்னு’ என ஒவ்வொரு மொழியிலும் இதற்குத் தனிச்சொல் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றின் குடல் வழியாக உடலில் சேர்வது பிறந்த ஒருநாள் வரையே. முதல் சில மணி நேரத்தில் அது மிகுதி. நஞ்சு விழுந்தபின்னரே கன்றைப் பால் குடிக்க விடவேண்டும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் நிலவுவதால் இந்நேரம் வீணாகிறது. ‘பிறந்த கன்றுக்குப் பால் தருக’ என்ற பொதுவான தொடர் இந்நம்பிக்கையைத் தொடுவதே இல்லை. ‘நஞ்சு விழும்வரை காத்திராமல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்கச் செய்க’ என்பதே பயன் தரும் தொடர். மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் சொற்களை மட்டுமன்றி, படிப்பவர் முன்னரே கொண்டுள்ள கருத்தையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

8. முடிவுரை

கருஹட்டி தொடங்கிப் பதிவேடு வழியாக உறைவிந்து வரை பெங்களூர் வட்டாரத்தில் கன்றீனும் நிகழ்ச்சி மும்முறை பொருள் மாறியுள்ளது. முதலில் அது எருதின் பிறப்பு. அடுத்து ஒரு கணக்கின் தொடக்கம். இன்று பால் சுரப்பதற்கான வாயில். பருவம் கலைந்தபின் ஊர் முழுவதும் ஒரே காலத்தில் ஈற்றைக் கண்டு கற்கும் நிலையும் குறைந்தது. ஒரு வீட்டில் ஒரு பசு ஏதோ ஒரு மாதத்தில் ஈனும்போது, அனுபவம் மிக்க முதியோரின் சொல்லைவிட அச்சிட்ட அறிவுரைத்தாளே பலருக்குத் துணையாகிறது. இதனால் கலைச்சொல்லாக்கத்தின் பொறுப்பு முன்னைவிடக் கூடியுள்ளது.

இதனடிப்படையில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, கால்நடைத் துறையின் இருமொழிச் சொற்பட்டியல்களில் இணையான சொல்லுடன், ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொல்லும் எச்சரிக்கையாகத் தரப்பட வேண்டும்; சொற்பிறப்பகராதிகள் உறவைக் காட்டுமேயன்றி இன்றைய பொருளுக்குப் பிணை நில்லா. இரண்டாவது, உழவருக்கான தாள்களில் ஈற்று, சினை, இளங்கொடி, கன்று வீச்சு முதலிய வழக்குச் சொற்களுக்கே முதலிடம் தரவேண்டும். மூன்றாவது, ஈற்றுக்கு முன்னும் பின்னுமான வாரங்களை இன்றைய கால்நடை அறிவியல் தனிக் காலமாகப் பிரித்து ஆராய்கிறது. பின்னைய பகுதிக்குப் பாடநூல்களில் நீண்ட தொடர்களை ஆக்குவதைக் காட்டிலும் ‘புனிறு’ என்ற சொல்லை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அச்சொல் தொழுவத்துக்குச் செல்லும் தாளில் இடம்பெறுதல் ஆகாது; அங்கு ‘ஈன்ற முதல் மூன்று வாரம்’ என்பதே எவர்க்கும் விளங்கும்.

நள்ளிரவில் பசு நோவு கண்டு நிற்கும்போது தாளைப் புரட்டுபவருக்கு அகராதியைத் தேடும் அவகாசம் இராது. அவர் படிக்கும் முதல் சொல்லே சரியான சொல்லாக இருத்தல் வேண்டும்.